ஃபிரேம் ரேட்: அனிமேஷனையும் வீடியோ கேமையும் விமர்சிக்கும்போது நாம் குழப்பிக்கொள்ளும் மூன்று எண்கள்

அனிமேஷன் படங்களையும் குறும்படங்களையும் வீடியோ கேம்களையும் பற்றி ரசிகர்கள் எழுதும் சிறு விமர்சனங்களில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. “அனிமேஷன் ஸ்மூத்தாக இல்லை, விட்டுவிட்டு நகர்கிறது” என்பது ஒன்று, “கேம் முப்பது எஃப்.பி.எஸ்.ஸில்தான் ஓடுகிறது” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே குறைதான் என்றும், நொடிக்கு எத்தனை படங்கள் என்ற எண் கூடக்கூடத் தரமும் கூடும் என்றும் எழுதுபவரும் வாசிப்பவரும் சேர்ந்தே நம்பிக்கொள்கிறார்கள். திரையில் அசைவு உருவாகும்போது அங்கே மூன்று எண்கள் வேலை செய்கின்றன. அவற்றில் எது குறைந்தது என்று தெரியாமல் சொல்லப்படும் குறை, பல சமயம் ஓவியர் வேண்டுமென்றே செய்த ஒன்றைப் பிழையாக்கிவிடுகிறது. சில சமயம் உண்மையான பிழையைத் தப்பவிட்டுவிடுகிறது.

## நோட்டுப் புத்தக மூலையில் ஓடும் மனிதன்

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் மூலையில், பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் மனிதனின் கோட்டுருவத்தை வரைந்து, கட்டைவிரலால் பக்கங்களைப் படபடவென்று விட்டால் அவன் ஓடத் தொடங்குவான். ஒரு நொடியில் 24 பக்கங்கள் விரலிலிருந்து விடுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 24 பக்கங்களிலும் 24 வெவ்வேறு நிலைகளை வரைந்திருந்தால் அவன் வழுக்கிக்கொண்டு போவதுபோல ஓடுவான். பொறுமை போதாமல், ஒரே நிலையை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வரைந்திருந்தால், விரலின் வேகம் மாறவில்லை, விடுபடும் பக்கங்களும் 24தான். ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் வெவ்வேறு ஓவியங்கள் 12 மட்டுமே. இப்போது அறை விளக்கை யாரோ மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறார் என்று கொள்வோம். ஒரு பக்கம் கண்ணில் படும் நேரத்துக்குள் விளக்கு இரண்டு முறை எரிந்தால் நொடிக்கு 48 முறை வெளிச்சம் வரும். அதனால் பக்கங்களும் கூடுவதில்லை, ஓவியங்களும் கூடுவதில்லை.

விடுபடும் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் என்பது ஃபிரேம் ரேட்; எஃப்.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது ரெஃப்ரெஷ் ரேட். டிவி, கைபேசி விளம்பரங்களில் 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று வருவது இது. அந்த ஃபிரேம்களுக்குள் எத்தனை வெவ்வேறு நிலைகள் வரையப்பட்டிருக்கின்றன என்பது மூன்றாவது எண். இதற்குப் பொதுவழக்கில் ஒரு பெயர் நிலைபெறவில்லை. இங்கே ஓவிய எண்ணிக்கை என்று அழைப்போம்.

சுருக்கமாக: ரெஃப்ரெஷ் ரேட் திரையின் கணக்கு, ஃபிரேம் ரேட் படத்தின் அல்லது கேமின் கணக்கு, ஓவிய எண்ணிக்கை வரைந்தவரின் கணக்கு.

## 24 என்ற எண் எங்கிருந்து வந்தது

மனிதக் கண்ணால் நொடிக்கு 24 படங்களுக்கு மேல் உணர முடியாது, அதனால்தான் சினிமா 24இல் நின்றது என்று ஒரு கதை உலவுகிறது. அது கதைதான். மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். 16க்கும் 24க்கும் இடையில் வேகம் பலவாறாக இருந்தது. பார்ப்பவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது ஒலியையும் படச்சுருளின் ஓரத்தில் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். சுருளின் வேகம் மாறினால் பாடகரின் சுருதியே மாறிவிடும் என்பதால் ஒரே வேகம் கட்டாயமாயிற்று. ஒலி தெளிவாகக் கேட்கவும் வேண்டும், படச்சுருளின் செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பேரத்தில் 24 நிலைத்தது.

அந்த வேகத்தில் வெறுமனே காட்டினால் வெளிச்சம் துடிப்பது கண்ணை உறுத்தும். ஆகவே புரொஜெக்டரில் சுழலும் தடுப்பு ஒன்று ஒரே ஃபிரேமை இரண்டு அல்லது மூன்று முறை ஒளிரச் செய்தது. திரையில் நொடிக்கு 48 அல்லது 72 முறை வெளிச்சம் விழுந்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போடும் வேலை இதுவே. 24க்கு மேல் கண் உணரும் என்பதற்குத் தனிச் சான்று தேடவும் வேண்டியதில்லை: 2012இல் ‘தி ஹாபிட்’ வரிசையின் முதல் படம் நொடிக்கு 48 ஃபிரேம்களில் திரையிடப்பட்டபோது, தொழில்நுட்பம் எதுவும் அறியாதவர்கள்கூட ஏதோ வேறாகத் தெரிகிறது என்றார்கள். பலருக்கு அது சினிமாவாகத் தோன்றாமல் வீடியோவில் எடுத்த தொலைக்காட்சித் தொடரைப்போல் தோன்றியது.

## ஒன்ஸ், டூஸ், த்ரீஸ்

இனி ஓவியர்களின் கணக்குக்கு வருவோம். ஃபிரேமுக்கு ஒரு புதிய ஓவியம் வரைந்தால் அதை ‘ஆன் ஒன்ஸ்’ என்பார்கள். நொடிக்கு 24 ஓவியங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் ‘ஆன் டூஸ்’, நொடிக்கு 12. மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் ‘ஆன் த்ரீஸ்’, நொடிக்கு 8. எண்பது நிமிடப் படம் ஒன்றில் 1,15,200 ஃபிரேம்கள் இருக்கும். ஒரே ஒரு பாத்திரத்தைக்கூட முழுவதும் ஒன்ஸில் வரைவதென்றால் அத்தனை தாள்கள் வேண்டும். டூஸில் அதில் பாதி போதும்.

ஆனால் செலவு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கையால் வரைந்த அனிமேஷனின் பொற்காலம் என்று கொண்டாடப்படும் டிஸ்னியின் பழைய படங்களிலும் ஒன்ஸும் டூஸும் கலந்தே வருகின்றன. சாதாரணமாகப் பேசுவதும் திரும்புவதும் டூஸில் நன்றாகவே இருக்கும். விரைவான ஓட்டத்துக்கும் சண்டைக்கும் ஒன்ஸ் தேவைப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும்போதும் ஒன்ஸ் தேவை. பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர, நடக்கும் பாத்திரம் மட்டும் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்ந்தால், பாத்திரம் தரையில் ஊன்றாமல் அதிர்ந்துகொண்டே போவதுபோலத் தெரியும். 1988இல் வந்த ‘ஹூ ஃபிரேம்ட் ராஜர் ராபிட்’ படத்தில் உண்மையான நடிகர்களோடு கார்ட்டூன் முயல் நடித்தது. நடிகர்களைப் படம்பிடித்த கேமரா ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. எனவே ரிச்சர்ட் வில்லியம்ஸின் தலைமையில் முயலை ஒன்ஸில் வரைந்தார்கள். அங்கே அது ஆடம்பரமாக இருக்கவில்லை. அந்தப் படத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஓவியர் முதலில் வரைவது ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை. அவை கீ ஃபிரேம்கள். அவற்றுக்கு இடையே வரும் நிலைகள் இன்-பிட்வீன்கள். பந்து எறியும் ஒருவனின் கை பின்னால் எவ்வளவு நேரம் தயங்கி நிற்கிறது, எவ்வளவு குறைவான ஃபிரேம்களில் முன்னால் பாய்கிறது என்பதில்தான் எறிதலின் பலம் தெரியும். இடைவெளிகளைச் சமமாகப் பங்கிட்டு இன்-பிட்வீன்களை நிரப்பிக்கொண்டே போனால் அசைவு வழுவழுப்பாகும். கூடவே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல உயிரற்றும் போகும்.

நம்மூர் உதாரணமும் இதற்கு உண்டு. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’, நடிகர்களின் உடலசைவைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் உருவானது. இம்முறையில் நிலைகளுக்குப் பஞ்சமில்லை. நடிகர் அசையும் ஒவ்வொரு கணமும் பதிவாகிவிடுகிறது. இருந்தும் “பொம்மைப் படம்” என்ற பேச்சுதான் பார்வையாளர்களிடையே எழுந்தது. கண்ணிலும் முகத்திலும் இல்லாத உயிரை ஓவிய எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாது.

சுருக்கமாக: ஒன்ஸ், டூஸ், த்ரீஸ் மூன்றும் ஒரே 24 ஃபிரேம் படத்துக்குள் வரும் தெரிவுகள். “இந்தப் படம் 12 எஃப்.பி.எஸ்.” என்று எழுதுவது தவறு, படம் 24, ஓவியம் 12.

## குறைவாக வரைவதும் ஒரு கலை

1950களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் தயாரிக்கத் தொடங்கிய ஹன்னா-பார்பரா நிறுவனத்துக்குத் திரையரங்கப் படத்தின் செலவும் இல்லை, காலமும் இல்லை. உடலை அப்படியே நிறுத்தித் தலையையும் வாயையும் மட்டும் அசைத்தார்கள். யோகி கரடி சட்டையில்லாமல் காலரும் டையும் மட்டும் அணிந்திருப்பது இதனால்தான்: தலைக்கும் உடலுக்கும் இடையிலான இணைப்புக் கோட்டை அந்தக் காலர் மறைத்துவிடும். ஜப்பானில் ஒசாமு தெசுகாவின் நிறுவனம் 1963 ஜனவரி முதல் நாள் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொடங்கி, வாரம் ஓர் அத்தியாயம் தருவதற்காகத் த்ரீஸையும் அசையாச் சித்திரங்களையும் ஒருமுறை வரைந்ததையே மறுபடி பயன்படுத்தும் முறையையும் நம்பியது. இப்படிச் சிக்கனமாக அசைப்பதற்கு லிமிடெட் அனிமேஷன் என்று பெயர்.

வறுமையில் பிறந்த இந்த முறை ஜப்பானில் ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டது. ஒரு முகத்தை நீண்ட நேரம் அசையாமல் நிறுத்தி, பின் ஒரே பாய்ச்சலில் சண்டையை வெடிக்கவிடுவது அனிமே ரசிகர்கள் அனைவரும் அறிந்த லயம். அதைப் பார்த்து “பவர்பாயிண்ட் ஸ்லைடு மாதிரி இருக்கிறது” என்று எழுதுவது எளிது. சில தொடர்களைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. நிறுத்தம் எதற்காக என்று ஒரு நொடி யோசித்த பிறகு எழுதினால் இன்னும் நியாயமாக இருக்கும். தனியொருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த குறும்படத்தைப் பெருநிறுவனத் திரைப்படத்தோடு வைத்து அளக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

செலவுக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் இதே தெரிவு நடக்கிறது. கணினி அனிமேஷனில் இன்-பிட்வீன்களைக் கணினியே நிரப்பித் தந்துவிடும். ஒன்ஸ் அங்கே இயல்பாகவே கிடைப்பது. 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படக்குழுவினர் அதை வலிந்து விலக்கினார்கள். வேகத்தில் உருவம் கலங்கித் தெரியும் மோஷன் பிளர் என்ற மங்கலையும் தவிர்த்துவிட்டு, பெரும்பகுதியை டூஸில் அமைத்து, ஒவ்வொரு ஃபிரேமும் காமிக்ஸ் பக்கத்திலிருந்து கிழித்து எடுத்ததுபோலக் கூர்மையாக நிற்கச் செய்தார்கள். பனி படர்ந்த காட்டில் ஸ்பைடர்-மேன்கள் இருவர் வலையில் ஊசலாடும் காட்சியில், பழுத்த அனுபவசாலியான பீட்டர் ஒன்ஸில் அசைகிறார். கற்றுக்குட்டியான மைல்ஸ் டூஸில் தடுமாறுகிறான். வித்தை கைவந்த பிறகு அவனது அசைவும் ஒன்ஸுக்கு மாறுகிறது. பாத்திரத்தின் வளர்ச்சியை ஓவிய எண்ணிக்கையைக் கொண்டே சொல்லிவிட்ட அந்தக் காட்சியை, “ஆரம்பத்தில் லேக் அடிக்கிறது” என்று குறிப்பிட்ட விமர்சனங்களும் உண்டு. 2022இல் வந்த ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ படமும் சண்டைக் காட்சிகளில் திடீரென்று இப்படி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும்.

## டிவி தானாகச் சேர்க்கும் ஃபிரேம்கள்

நீங்கள் பார்த்தது படக்குழு தந்த படம்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்றைய டிவிகள் பலவற்றில் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி கடையிலிருந்து வரும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். சோனி அதை மோஷன்ஃப்ளோ என்றும், எல்ஜி ட்ரூமோஷன் என்றும், சாம்சங் முன்பு ஆட்டோ மோஷன் பிளஸ் என்றும் பெயரிட்டிருக்கின்றன. இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, நடுவில் எது இருந்திருக்கும் என்று ஊகித்து, இல்லாத ஃபிரேமை டிவியே உருவாக்கி இடையில் செருகும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த வசதியை அணைத்துவிடுமாறு கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, ஒரே சொடுக்கில் இதை அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் அறிவிக்கப்பட்டது.

கையால் வரைந்த அனிமேஷனுக்கு இது செய்யும் கேடு இன்னும் அதிகம். டூஸில் உள்ள படத்தில் ஒரு ஜோடி ஃபிரேம்களுக்கிடையே அசைவே இருக்காது, அடுத்த ஜோடிக்குள் பெரிய தாவல் இருக்கும். டிவி தாவலை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தத்தை அப்படியே விட்டால் அசைவு மிதப்பதும் நிற்பதுமாகத் தள்ளாடும். விரைவைக் காட்ட ஓவியர்கள் உருவத்தை ஒரே ஒரு ஃபிரேமில் ரப்பர்போல இழுத்து வரைவதுண்டு, ஸ்மியர் என்பார்கள். சக் ஜோன்ஸ் இயக்கிய 1942ஆம் ஆண்டுக் குறும்படமான ‘தி டோவர் பாய்ஸ்’ இதற்குப் பேர்போனது. கண்ணில் படாமல் உணர்வாக மட்டும் கடந்துபோக வேண்டிய அந்த உருவத்தை டிவி உண்மை என்று நம்பி, அதற்கும் முன்னும் பின்னும் பேய் உருவங்களை உண்டாக்கிவிடும். பழைய கார்ட்டூன்களை யாரோ “60 எஃப்.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தி” வெளியிடும் காணொளிகளிலும் நடப்பது இதுவே.

சுருக்கமாக: சேர்க்கப்பட்ட ஃபிரேம்கள் ஓவிய எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, ஓவியர் தீர்மானித்த இடைவெளிகளை அழிக்கின்றன.

## வீடியோ கேமில் கணக்கு மாறுகிறது

நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினால், சினிமாவில் எல்லாப் பக்கங்களும் முன்பே வரைந்து முடிக்கப்பட்டிருக்கின்றன. கேமில் நீங்கள் பக்கத்தைப் புரட்டும் அந்தக் கணத்தில்தான் அது வரையப்படுகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இயந்திரம் உங்கள் கையிலுள்ள பொத்தான்களின் நிலையைப் படித்து, எதிரி எங்கே, சுவர் எங்கே, குண்டு எங்கே என்று கணக்கிட்டு, பிறகு காட்சியை வரைய வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33.3 மில்லிவினாடி கிடைக்கும். 60 என்றால் 16.7. ஒரு ஃபிரேமை உருவாக்க எடுக்கும் இந்தக் காலத்துக்கு ஃபிரேம் டைம் என்று பெயர்.

இங்கே எண்ணிக்கை குறைவது கண்ணைப் பாதிப்பதோடு நிற்பதில்லை, கையையும் பாதிக்கிறது. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் இன்புட் லேக். அது பெரும்பாலும் சில ஃபிரேம்களின் நீளம் இருக்கும் என்பதால், ஃபிரேம் நீண்டால் தாமதமும் நீளும். சண்டை கேம் ஆடுபவர்கள் ஓர் அடியின் வேகத்தை ஃபிரேம் கணக்கில்தான் பேசுவார்கள். அவர்களுக்கு 60இலிருந்து 30க்கு இறங்குவது ஆட்டத்தையே மாற்றிவிடும். நிதானமாகப் புதிர் விடுவிக்கும் கேமில் அதே இறக்கத்தைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். 1998இல் வந்து இன்றும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பேசப்படும் ‘ஜெல்டா: ஓகரினா ஆஃப் டைம்’ நொடிக்கு 20 ஃபிரேம்களில்தான் ஓடியது.

பழைய கேம்களில் ஆட்டத்தின் வேகமே ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தது. 1978இல் தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமில் எதிரிகளைச் சுடச்சுட மீதமுள்ளவர்கள் வேகம் பிடிப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்தின் சுமை இறங்கியதன் விளைவு அது. நிஷிகாதோ அதைத் திருத்தாமல் விட்டார், ஆட்டத்தின் பதற்றமே அதில்தான் இருந்தது. இன்னொரு விளைவு அவ்வளவு இனிமையானதல்ல. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிகள் 60 ஹெர்ட்ஸில் இயங்க, ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளிலும் 50 ஹெர்ட்ஸ் முறை இருந்தது. 60க்கு எழுதிய கேமை மாற்றாமல் 50க்கு விற்றால் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். வேகத்துக்காகவே பேர்பெற்ற ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ கேமின் 1991ஆம் ஆண்டு ஐரோப்பியப் பதிப்புக்கு நேர்ந்தது இதுவே. அங்கே அதை ஆடி வளர்ந்தவர்களுக்கு அதன் இசைகூட மந்தமாகத்தான் நினைவிருக்கும்.

விமர்சனங்கள் அதிகம் தவறவிடுவது சராசரிக்குள் ஒளிந்திருக்கும் குறையை. நொடிக்கு 30 ஃபிரேம்கள் சரியாக வந்தும், ஒன்று 16 மில்லிவினாடியிலும் அடுத்தது 50 மில்லிவினாடியிலுமாக ஒழுங்கின்றி வந்தால், எண்ணிக்கை 30 என்றே காட்டும், அசைவு மட்டும் கண்ணுக்குத் திக்கித் தெரியும். ஃபிரேம்கள் சம இடைவெளியில் வந்து சேரும் ஒழுங்கு ஃபிரேம் பேசிங் எனப்படும். 2015இல் வந்த ‘பிளட்போர்ன்’ கேம் மீது எழுந்த புகார்களில் முக்கியமான ஒன்று இதுபற்றியதே. சீரான 30, தள்ளாடும் 45ஐவிட இதமாக இருக்கும். இன்றைய கன்சோல் கேம்கள் பலவற்றில் பெர்ஃபார்மன்ஸ் மோட், குவாலிட்டி மோட் என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. முன்னது காட்சியின் நுணுக்கத்தைக் குறைத்து ஃபிரேம்களைக் கூட்டும், பின்னது அதற்கு நேர்மாறு. எந்த மோடில் ஆடினார் என்று சொல்லாத விமர்சகரின் ஃபிரேம் ரேட் குறிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

## இரண்டு கணக்கும் ஒரே திரையில்

இந்த எண்கள் வெவ்வேறானவை என்பதைக் கண்ணெதிரே காட்டும் கேம் 2017இல் வந்த ‘கப்ஹெட்’. 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன் பாணியில் தாளில் கையால் வரையப்பட்ட அதன் பாத்திரங்கள் நொடிக்கு 24 ஓவியங்கள் என்ற கணக்கில் அசைகின்றன. ஆட்டமோ நொடிக்கு 60 ஃபிரேம்களில் ஓடுகிறது. கோப்பைத் தலையனின் கால் பழங்கால லயத்தில் ஆட, அவன் திரையில் நகர்வதும் குண்டு பாய்வதும் 60இன் கூர்மையோடு உங்கள் விரலுக்குப் பதில் சொல்கின்றன. 2014ஆம் ஆண்டின் ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ இன்னொரு வழியில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் வீரர்கள் முப்பரிமாண உருவங்கள். இருந்தும் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் கணினி நிரப்பும் இன்-பிட்வீன்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நிலையையும் சில ஃபிரேம்களுக்கு நிறுத்தினார்கள். அனிமே தொடர் ஒன்றை நாமே ஆட்டுவிப்பதுபோல அது தோன்றும். அடியின் பதில் நேரம் மட்டும் 60 ஃபிரேம் கணக்கிலேயே இருக்கும்.

## நீங்களே எண்ணிப் பார்க்க

அனிமேஷன் படத்தின் கணக்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கணினியில் யூடியூபைத் திறந்து, படத்தின் அதிகாரபூர்வ முன்னோட்டத்தை ஓடவிட்டு, விரும்பிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே நகரும். காற்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னே போகும். பாத்திரத்தின் கையை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கை மாறினால் ஒன்ஸ், இரண்டு அழுத்தத்துக்கு ஒருமுறை மாறினால் டூஸ். பின்னணி ஒவ்வொரு முறையும் நகர, பாத்திரம் மட்டும் அசையாமல் நிற்பதையும், ஒரே காட்சிக்குள் இரண்டு பாத்திரங்கள் இரண்டு கணக்கில் அசைவதையும் காண்பீர்கள். ஒரு காட்சியை மட்டும் எண்ணிவிட்டு முழுப் படத்துக்கும் அதையே எழுதிவிட வேண்டாம், ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

கேமுக்கு இந்த வழி பாதிதான் பயன்படும். பதிவுசெய்த காணொளியில் ஃபிரேம்கள் எப்போது குறைகின்றன, எங்கே திக்குகின்றன என்பதைப் பார்க்கலாம், அதுவும் காணொளியே 60 ஃபிரேம்களில் பதிவேற்றப்பட்டிருந்தால் மட்டும். விரல் அழுத்திய கணம் அந்தக் காணொளியில் இல்லவே இல்லை. ஆகவே பிறர் ஆடியதைப் பார்த்து மட்டும் எழுதுகிறவரால் அனிமேஷனைப் பற்றியும் காட்சியமைப்பைப் பற்றியும் சொல்ல முடியும், கன்ட்ரோல் கனமாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்ல முடியாது.